ஏற்றத்துக்குச் சொந்தமான கால்

எங்கள் ஊரில் குழந்தையைத் தொட்டிலில் போடும் நாளன்று, விளக்கு வைப்பதற்குள் உறவுக்காரர்கள் வந்து உறுப்புகளுக்குச் சொந்தம் சொல்லிவிட வேண்டும். மூக்கைப் பார்த்து, இது என்னுடையது என்று தாய்மாமன் சொல்வார். நெற்றியை ஒரு சித்தி எடுத்துக்கொள்வாள். காது, முழங்கை, சிரிப்பு, தூக்கத்தில் புரளும் விதம் எல்லாவற்றுக்கும் ஆள் வருவார்கள். விளக்கு வைத்த பிறகும் யாரும் கேட்காமல் மிஞ்சியிருப்பது தெருவுக்குச் சேரும்.

சாதாரண நாட்களில் இதனால் ஒரு தொந்தரவும் கிடையாது. சாப்பிடுவதற்கும் தூங்குவதற்கும் பள்ளிக்குப் போவதற்கும் யாரும் கூட வர வேண்டியதில்லை. பேர் வாங்கும் காரியத்துக்கு மட்டும் உறுப்பின் சொந்தக்காரர் அந்த இடத்தில் இருக்க வேண்டும். உடம்பு மட்டும் இருந்தால் போதாது, மனதும் இருக்க வேண்டும். எதிர்வீட்டு சிவநேசன் அண்ணன் வங்கித் தேர்வுக்குப் போனபோது, கணக்குக்குச் சொந்தக்காரரான ஒன்றுவிட்ட மாமாவையும் கூட்டிப்போனார். மாமா சுற்றுச்சுவருக்கு வெளியே வேர்க்கடலை தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார். நடுவில் அவர் டீ குடிக்கக் கடைக்குப் போய்விட்டார். அந்த நேரத்தில் வந்த ரயில் கணக்குகளை மட்டும் அண்ணனால் போட முடியவில்லை.

என் குரலுக்குச் சொந்தம் சொன்னவர் பெரியப்பா. அவர் மஸ்கட்டில் இருக்கிறார். அதனால் நான் பேச்சுப் போட்டி எதிலும் சேர்ந்ததில்லை. எனக்கு அது வசதியாகவே இருந்தது.

நானும் தமயந்தியும் இரட்டையர். ஒரே முகம், ஒரே பல்வரிசை, ஒரே கணுக்கால். எங்களை ஒரே தொட்டிலில், ஒரே போர்வையின் கீழ் போட்டிருந்தார்கள். காலையிலேயே வந்த தாய்மாமன் இரண்டு மூக்குகளையும் எடுத்துக்கொண்டார். புகைப்படம் எடுக்கும் நாட்களில் இன்றைக்கும் அவர் தவறாமல் வருகிறார். அப்பாவின் அக்கா, கோமளா அத்தை, வந்து சேர்ந்தபோது அம்மா விளக்குத் திரியைத் திரித்துக்கொண்டிருந்தாள். அத்தை செருப்பைக்கூட கழற்றவில்லை. தொட்டிலுக்குள் கையை விட்டு, "இது என்ற காலு" என்று சொந்தம் சொல்லிவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். கையில் அகப்பட்டது தமயந்தியின் கால். கணுக்காலில் மச்சம் இருந்ததால் அதில் சந்தேகமில்லை. என் கால்களை யாரும் கேட்கவில்லை. இரண்டும் தெருவுக்குப் போயின.

அத்தை அவ்வளவு தாமதமாக வந்ததற்குக் காரணம் எங்கள் தெருதான். பெயர்ப்பலகையில் அதற்கு வேறு பெயர் இருக்கிறது. எல்லோரும் ஏற்றம் என்றுதான் சொல்வார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பேக்கரியின் பக்கத்தில் தொடங்கி எங்கள் வீட்டு வாசலில் முடியும். அங்கே தள்ளுவண்டி தள்ளுகிறவர்கள் வண்டி உருளாதபடி சக்கரத்துக்கு அண்டை கொடுக்க ஒரு கல்லையும் கூடவே கொண்டுவருவார்கள். அத்தை சின்னப் பெண்ணாக இருந்த காலத்தில் எங்கள் மலையிலேயே அவரைப் போல ஓட ஆள் கிடையாது. மாநில அணித் தேர்வுக்குப் போக வேண்டிய விடியற்காலையில், பஸ்ஸைப் பிடிக்க வீட்டிலிருந்து ஓடி வந்தவரை, குழாயடி வளைவில் ஏற்றம் காலை வாரி விட்டுவிட்டது. கணுக்கால் முறிந்தது. பிறகு அது சேர்ந்தது, கல்யாணமும் ஆனது, அத்தை கீழே சமவெளிக்குக் குடிபோனார். ஓடவில்லை.

அன்றிலிருந்து அவர் ஏற்றத்தில் கால் வைத்ததில்லை. எங்களைப் பார்க்க வந்தால் பேக்கரியிலேயே உட்கார்ந்துகொள்வார். அம்மா தூக்குப்பாத்திரத்தில் குழம்பு எடுத்துக்கொண்டு கீழே இறங்குவாள். வீட்டுக்கே வந்தாக வேண்டிய காரியம் என்றால், பின்பக்கமாகத் தேயிலைத் தோட்டத்துக்குள் நுழைந்து, ஒரு மலையைச் சுற்றிக்கொண்டு வருவார். தொட்டில் போட்ட அன்றும் அப்படித்தான் வந்தார்.

தமயந்திக்கு மறதி அதிகம். பள்ளி வாசல்வரை போன பிறகுதான் ஜாமெட்ரி பாக்ஸ் ஞாபகம் வரும். ஓடிவந்து எடுத்துக்கொண்டு ஓடுவாள். திரும்பவும் தண்ணீர் பாட்டிலுக்காக வருவாள். அம்மா கறிவேப்பிலை வாங்கி வரச் சொன்னால் கொத்தமல்லியோடு வந்து நிற்பாள், மறுபடியும் ஓடுவாள். எனக்கு எதுவும் மறப்பதில்லை. ஒரு தடவை இறங்கினால் போதும், ஒரு தடவை ஏறினால் போதும். அதே கணுக்காலோடு நான் நடந்துகொண்டே இருந்தேன். அவள் என்னைக் கடந்து போகும்போதெல்லாம், "ஏன்டி, செவுத்துக்கு முட்டுக் குடுக்கிற மாதிரி நடக்கிறே?" என்பாள்.

பள்ளி விளையாட்டு விழாவில் அவள்தான் முதலில் வந்தாள். மைதானம் பஸ் ஸ்டாண்டை ஒட்டி இருக்கிறது. அத்தை கீழேயிருந்து வந்து, ஏற்றத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு பார்த்தார். ஏற்றத்தின் அடிப்பகுதி மைதானத்தின் கேட்டைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. அதை அன்றைக்கு யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அது எப்போதும் அங்கேதான் கிடக்கிறது.

மாவட்டப் போட்டி கீழே நடந்தது. அந்த வருடம் நாங்கள் பிளஸ் டூ. முதல் இரண்டு இடங்களுக்கு வருகிறவர்களை விளையாட்டு விடுதியில் சேர்த்துக்கொண்டு, அங்கிருந்தே கல்லூரிக்கும் அனுப்புவார்கள். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். தமயந்திக்கு அந்த விடுதியைத் தவிர வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. படுக்கும்போது அவளுடைய ஷூக்கள் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கும். அவளை வேறு எந்த இடத்திலும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எனக்கும் அந்த விடுதியின் மேல் ஆசை வந்திருந்தது, அவளுக்காக.

காலையில் நானூறு மீட்டர், மாலையில் எண்ணூறு. அப்பாவும் நானும் எங்கள் பி.டி. டீச்சர் ஜெபமணியும் தமயந்தியுடன் பள்ளி வேனில் இறங்கினோம். அத்தை முன்னாலேயே வந்து பார்வையாளர் படிக்கட்டில் இடம்பிடித்து வைத்திருந்தார். எல்லாப் பெண்களுக்கும் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். ஒரு பெண்ணின் நுரையீரலுக்குச் சொந்தக்காரர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அவளுடைய பயிற்சியாளர் அவருக்குப் பக்கத்தில் நின்று, இன்றைக்கு ஒரு நாள் மட்டும் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். நாகநந்தினி என்ற பெண்ணுக்காக ஓர் ஆறு வந்திருந்தது; அவள் ஊரில் மிஞ்சியது ஆற்றுக்குச் சேரும் போலிருக்கிறது. தண்ணீர் இல்லாத ஆறு. நீளம் தாண்டும் குழிக்குப் பக்கத்தில் மடங்கிப் படுத்திருந்தது. சிலர் அதன் மணலில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார்கள்.

நானூறு மீட்டருக்கு விசில் ஊதியதும் தமயந்தியின் வலது கால் கிளம்பியது. இடது கால் கிளம்பவில்லை. நின்ற இடத்தை விட்டு அது அசையாததால் அவள் அதையே சுற்றிச் சுற்றி வந்தாள். மற்றவர்கள் ஓடி முடிக்கும்போது மண்ணில் ஒரு வட்டம் இருந்தது. காம்பஸ் வைத்துப் போட்டது போலச் சுத்தமான வட்டம்.

வெள்ளைத் தொப்பி போட்ட நடுவர் வந்து வட்டத்தைப் பார்த்தார். பிறகு காலுக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்டார். அத்தை கையைத் தூக்கினார்.

"எந்தக் காலுங்க?"

அப்பா குறுக்கே வந்தார். "காலுன்னா காலுதானுங்க. கால் வலிக்குதுன்னா ஒரு காலையா சொல்றோம்?"

"வலிக்கிறது வேறங்க, சொந்தம் வேற" என்றார் நடுவர். அவர் குரல் உயரவில்லை. "அம்மா, நீங்க சொல்லும்போது கையில எது இருந்துச்சு?"

அத்தை கொஞ்ச நேரம் கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடினார். "ஒண்ணுதானுங்க ஆப்புட்டுச்சு. மச்சம் இருந்த காலு. இன்னொண்ணு போர்வைக்குள்ள எங்கியோ கெடந்துது. பஸ்ஸுக்கு வேற நேரமாச்சு."

தமயந்தி வலது காலைத் திருப்பி மச்சத்தைக் காட்டினாள். நடுவர் தலையாட்டினார். அப்படியானால் இடது கால் தெருவுடையது, தெருவை வரச் சொல்லுங்கள், எண்ணூறுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, உயரம் தாண்டும் இடத்துக்குப் போனார்.

அத்தை எங்கள் எல்லோரையும் பார்த்தார். "அந்த ஏத்தமா?" என்று கேட்டார். "அது வந்துதுன்னா நான் எந்திரிச்சுப் போயிருவேன்." கொஞ்சம் யோசித்து, "போக மாட்டேன். ஆனா அது மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்றார்.

நாத்தனாரை அம்மா நங்கையா என்று கூப்பிடுவாள். அம்மா அங்கே இருந்திருந்தால் ஏதாவது சொல்லி அவரைச் சிரிக்க வைத்திருப்பாள். அப்பாவுக்கு அக்காவிடம் வாய் எழாது. தேயிலைத் தொழிற்சாலையில் எடை போடுகிற வேலை அவருக்கு. வீட்டிலும் யார் பக்கமும் சாயாமல் நடுவிலேயே நிற்பார்.

ஏற்றத்தை அழைத்துவர என்னைத்தான் அனுப்பினார்கள். "உன் ரெண்டு காலும் அதோடதுதானே, நீ கூப்பிட்டா வரும்" என்றார் ஜெபமணி டீச்சர். நான் கிளம்பும்போது தமயந்தி இடது ஷூவின் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அது வரலைன்னா இந்த ஷூவை உனக்கே குடுத்துருவேன்."

"எனக்கு எதுக்கு?"

"நடந்து நடந்து தேச்சுருவேல்ல. அதுக்குத்தான்" என்றாள். சிரிக்க முயன்றாள். சிரிப்புக்குச் சொந்தக்காரியான சித்தியும் அன்று வரவில்லை.

நான் மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். ஏற்றத்தின் அடியில் இறங்கியபோது பேக்கரியில் கூட்டம். அத்தனை பேர் நடுவில் நின்று ஒரு தெருவிடம் பேச எனக்குக் கூச்சமாக இருந்தது. குழாயடி வளைவுவரை நடந்து போனேன். அங்கே யாரும் இல்லை. குனிந்து, செருப்பைச் சரி செய்வது போல, "கொஞ்சம் கீழ வரணும். தமாவுக்கு ஓட்டம்" என்று சொன்னேன். வேறெதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய் ஒரு குடையும், அத்தைக்கு எலுமிச்சை சாதமும் எடுத்துவந்து கொடுத்தாள். "பத்திரமாக் கூட்டிட்டுப் போ. அதுக்குக் கீழ வெயில் பழக்கமில்லை" என்றாள்.

ஏற்றம் எழுந்து என் பின்னால் வந்தது. அந்த நேரத்தில் காய்கறி வண்டிக்காரர் மேலே வந்துகொண்டிருந்தார். வண்டி மேசைமேல் தள்ளுவது போல லேசாகப் போனது. அவர் நின்று, இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, வண்டியைக் கீழ்நோக்கித் திருப்பினார். வண்டி கையை விட்டு உருண்டது. தக்காளி இரண்டு விழுந்தன. அவர் ஓடிப்போய் வண்டியைப் பிடித்து, கல்லை மறுபடி எடுத்துச் சக்கரத்துக்கு வைத்தார். நான் அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நான் ஏற்றத்தைத்தான் கூப்பிட்டிருந்தேன். இறக்கத்தை யாரும் கேட்கவில்லை.

பஸ்ஸில் கண்டக்டர் அதைக் கடைசி சீட்டில் உட்கார வைக்கச் சொன்னார். பஸ் கிளம்பியதும் எல்லோரும் பின்பக்கம் சாய்ந்தார்கள். ஒருவருடைய பையிலிருந்த எலுமிச்சம்பழங்கள் என் காலடிக்கு உருண்டு வந்தன, பொறுக்கிக் கொடுத்தேன். மலைப்பாதை கீழே இறங்கியது, பஸ் ஏறிக்கொண்டிருந்தது. டிரைவரால் முதல் கியரை மாற்றவே முடியவில்லை.

"கீழ போற வண்டியில ஏத்தத்தைக் கொண்டு வந்தா எப்படிங்க அம்மிணி?" என்றார் அவர். கோபமில்லை. சாமான் அதிகம் கொண்டுவருகிறவர்களிடம் சொல்வது போலத்தான் சொன்னார்.

ஒரு கொண்டை ஊசி வளைவில் எஞ்சின் சூடாகிவிட்டது. நிறுத்தித் தண்ணீர் ஊற்றினார்கள். எல்லோரும் இறங்கி நின்றார்கள். நான் இறங்கவில்லை. கீழே, வெகு தூரத்தில், தீப்பெட்டி அளவுக்கு அந்த மைதானம் தெரிந்தது. சுற்றிலும் வெள்ளைக்கோடுகள் இருந்தன. அதற்குள் எங்கேயோ தமயந்தி கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருப்பாள். ஏற்றத்துக்கு வியர்த்திருந்தது. ஜன்னல் வெயிலுக்கு விரித்திருந்த குடையைக் கொஞ்சம் அதன் பக்கம் நகர்த்தினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எண்ணூறு மீட்டருக்குப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவர் ஏற்றத்தைப் பார்த்து, ஓடுபாதையை ஒட்டிப் படுக்கச் சொன்னார். வந்திருக்கிற இடங்கள் ஓடுகிற எல்லோருக்கும் பொது என்பது விதி. ஆறும் எழுந்து வந்து இரண்டாவது வளைவில் மணலைப் பரப்பிக்கொண்டது. பாதை முழுவதும் சாய்ந்து நின்றது. ஓடுகிற பெண்கள் ஷூவின் கயிற்றை இறுக்கிக்கொண்டார்கள்.

அத்தை மைதானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். நான் எலுமிச்சை சாதத்தைக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், திறக்கவில்லை. அவருடைய வலது கணுக்கால் வீங்கியிருந்தது. உட்கார்ந்தே இருந்தால் அப்படித்தான் வீங்கும். காலைக் கொஞ்சம் உயரமாக வைக்கும்படி டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்தப் படிக்கட்டில் அதற்கு வசதி இல்லை.

விசில் ஊதியது.

இடது கால் நன்றாக எடுத்து வைத்தது. ஏற்றத்துக்குப் பக்கத்தில் ஓடுவதால் அதற்கு ஒரு குறையும் இல்லை. வலது கால் இழுத்துக்கொண்டே போனது. அத்தை அங்கேதான் இருந்தார். ஆனால் மனது பார்க்கிங் பக்கம் திரும்பியிருந்தது. தமயந்தி கடைசியாக ஓடினாள்.

ஏற்றம் மட்டும் வந்திருந்ததால் பாதை எந்த இடத்திலும் இறங்கவில்லை. முதல் வளைவில் ஏறினார்கள், நேர்ப்பகுதியில் ஏறினார்கள், மணலில் ஏறினார்கள். புறப்பட்ட கோட்டுக்கே அவர்கள் திரும்பி வந்தபோது எங்கள் தலைக்கு மேலே இருந்தார்கள். கடைசிச் சுற்று மணியை அடிப்பவர் அண்ணாந்து பார்த்து அடித்தார்.

எனக்குக் காய்கறி வண்டி ஞாபகம் வந்தது. நான் அத்தையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் குரல் பெரிதாக வராது. அத்தையிடம் பேசுவது பேர் வாங்கும் காரியமும் இல்லை. எனக்கு இருக்கிற குரலே போதுமானதாக இருந்தது.

"அத்தை, அன்னிக்கு உங்க காலை வாரி விட்டது ஏத்தம் இல்லைங்க."

அவர் என்னைப் பார்த்தார்.

"பஸ் பிடிக்கத்தானுங்களே ஓடி வந்தீங்க. பஸ் ஸ்டாண்டு கீழ இருக்குதுங்க. நீங்க ஏறலை. எறங்குனீங்க. அது எறக்கம் பண்ணுனது."

மேலே காலடிச் சத்தம் முதல் வளைவைக் கடந்து போனது. அத்தை சாதப் பாத்திரத்தின் மூடியைத் திருகித் திறந்தார், மூடினார்.

"எறக்கமா?"

"ஆமாங்க. அது வரலைங்க. ஊர்லதான் கெடக்குது."

"இத்தனை வருசமும் நான் இதையத் திட்டிட்டு இருந்தேன்" என்றார் அத்தை. "பேக்கரியில உக்காந்துட்டு, காதுபட."

அவர் மெதுவாக மைதானத்தின் பக்கம் திரும்பினார். படிக்கட்டுக்குக் கீழே ஏற்றத்தின் ஒரு நுனி வந்து படுத்திருந்தது. எப்போது வந்தது என்று நான் கவனிக்கவில்லை. அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய காலை அதன்மேல் நீட்டினார். டாக்டர் சொன்ன உயரம் சரியாக இருந்தது.

"நீயாச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல" என்றார் அதனிடம்.

மேலே வலது கால் கிளம்பியது.

இடது கால் ஏற ஏற வலது கால் பறந்தது. இரண்டும் இப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டது போல, ஒன்றை ஒன்று விட்டுக்கொடுக்காமல் போயின. நேர்ப்பகுதியில் அவள் இருவரைத் தாண்டினாள். அவர்கள் கொடிக்கம்பத்தின் உயரத்தில் இருந்தார்கள். எங்களுக்கு ஷூக்களின் அடிப்பக்கம் மட்டும் தெரிந்தது. தமயந்தியின் இடது ஷூவின் கயிறு இரட்டை முடிச்சாக இருந்ததால் அவளை அடையாளம் கண்டுகொண்டோம். மணல் வளைவில் நாகநந்தினி முன்னால் போய்விட்டாள். ஆற்றின் மணல் எங்கள் தலையில் கொட்டியது. அவளுக்குப் பின்னால் தமயந்தியும் இன்னும் இருவரும் ஒட்டி ஒட்டி ஓடினார்கள். அவர்களில் ஒருத்திக்கு மட்டும்தான் விடுதியில் இடம்.

அப்பா எழுந்து நின்றுவிட்டார். அவர் ஒரு பக்கம் சாய்ந்து நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். நான் வாயைத் திறந்து, ஓடு என்று கத்தினேன். சத்தம் வரவில்லை. அந்த நேரத்தில் மஸ்கட்டில் ஒரு கடையில் சோப்பு வாங்கிக்கொண்டிருந்த பெரியப்பா, தன்னை அறியாமல் "ஓடு" என்று கத்தியதாகவும், கடையில் இருந்தவர்களில் பாதிப்பேர் ஓடிவிட்டதாகவும் இரவு போனில் சொன்னார்.

எல்லைக்கோட்டு நாடாவைத் தொண்டர்கள் இரண்டு மூங்கில்களில் கட்டி உயரத்தில் பிடித்திருந்தார்கள். நாகநந்தினி அதைத் தொட்டாள். அடுத்ததாக வந்த கால் வலதா இடதா என்பதில் கொஞ்சம் பேச்சு இருந்தது. இரண்டும் தமயந்தியுடையவை என்பதால் அவளுக்கு இரண்டாம் இடம் கொடுத்தார்கள்.

இறங்குவதற்கு இறக்கம் இல்லாததால், பந்தல் போடுகிறவர்களிடமிருந்து ஏணி வாங்கி வந்து ஒவ்வொருவராக இறக்கினார்கள். தமயந்தி நேராக அத்தையிடம் வந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு, அத்தையின் கால் நீட்டியிருந்த இடத்துக்குப் பக்கத்தில், ஏற்றத்தின்மேல் மல்லாந்து படுத்துக்கொண்டாள். அத்தை எலுமிச்சை சாதத்தை அவளுக்கு ஊட்டினார்.

"கொஞ்சம் சாஞ்சு ஓடுறே கண்ணு" என்றார். "அது இதோட பழக்கம். வேகம் என்னுது."

"சண்டை போடாதீங்க" என்றாள் தமயந்தி, வாய் நிறைய சாதத்துடன்.

"சண்டையெல்லாம் இல்லை, சாமி. சொன்னேன்."

பொழுது சாய்ந்துவிட்டது. மலைக்குப் போகும் கடைசி பஸ்ஸில் ஏற்றத்தை ஏற்றினால் வண்டி ஏறவே ஏறாது என்று டிரைவர் சொல்லிவிட்டார். அத்தை, எங்கூட்டுல கெடக்கட்டும், ஒரு ராத்திரிதானே என்றார். மறுநாள் அப்பா போய்க் கூப்பிட்டபோது, காலுக்கு இதமாக இருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றார். பிறகு யாரும் கூப்பிடப் போகவில்லை. அத்தை விடியற்காலையில் எழுந்து அதன்மேல் நடக்கிறார். கணுக்கால் வீக்கம் வற்றிவிட்டது. தமயந்தி விடுதியில் சேர்ந்துவிட்டாள். அவளுக்கு எங்கே போட்டி நடந்தாலும் அத்தையும் ஏற்றமும் சேர்ந்தே போய்வருகிறார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் யாருக்கு என்பதில் மட்டும் சில சமயம் மனஸ்தாபம் வரும் என்று கேள்விப்பட்டேன்.

எங்கள் தெருவில் இறக்கம் மட்டும் இருக்கிறது. அத்தையின் காலை வாரியது அதுதான் என்று நாங்கள் பேசிக்கொண்டதை அதனிடம் நான் சொல்லவில்லை. அதுவும் கேட்கவில்லை. காலையில் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு முன்போலவே சரிவாக இறங்குகிறோம். மாலையில் திரும்பி வரும்போது பாதை சமமாக இருக்கிறது. நான் கல்லூரிக்குப் போய்வந்த மூன்று வருடமும் தினமும் இறங்கினேன், ஒரு நாளும் ஏறவில்லை. தெருவில் எல்லோரும் அப்படித்தான். அதனால் நாங்கள் திரும்பி வந்து சேரும் வீடு, காலையில் விட்டுப்போன வீட்டைவிடக் கொஞ்சம் தாழ்வாக இருக்கிறது. தேயிலைத் தோட்டங்கள் இப்போது எங்களுக்கு மேலே போய்விட்டன. ஸ்வெட்டர்களை அம்மா பரணில் போட்டுவிட்டாள். போன வாரம் வாசலில் ஒரு பனைமரம் வந்திருந்தது.

நேற்று மொட்டை மாடியிலிருந்து பார்த்தபோது அத்தை வீட்டுக் கொடியில் காயும் புடவைகள் தெரிந்தன. தூக்குப்பாத்திரம் இனி தேவைப்படாது, குழம்புக்குக் கிண்ணமே போதும் என்று அம்மா சொல்கிறாள்.